விட மறுக்கும் பிடி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு ஆலோசனை சொல்ல நம்மூரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. புகையைப் பார், டயரைப் பார், செயினை இழுத்துப் பார், ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பார் என்பார்கள். கிளட்சைப் பற்றிக் கேட்டால், மேட்டில் ஏற்றிப் பார், பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பார்கள். எல்லோரும் பிடிக்கிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். விடுகிறதா என்று சோதிக்கிறவர் அரிது. ஒரு கிளட்சின் வேலையில் பாதி பிடிப்பது; மறுபாதி விடுவது. லீவரை முழுவதும் அழுத்திய பின்னும் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு அறுபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் கோளாறைப் பற்றியது இக்கட்டுரை.

இலக்கியப் பக்கத்தில் கிளட்சுக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோளாறு சிறியது. ஆனால் ஒரு நோயின் காரணத்தை நாம் எப்படித் தேடுகிறோம், தேடுகிறவருக்கு என்ன மதிப்புத் தருகிறோம் என்பதை இதைப்போல் வெளிச்சம் போட்டுக் காட்டும் கோளாறு வேறில்லை. பாகத்துக்குக் காசு கொடுக்கும் நாம், காரணத்தைக் கண்டுபிடித்ததற்குக் காசு கொடுப்பதில்லை. அதன் விளைவாக நல்ல பாகங்கள் குப்பைக்குப் போகின்றன. கோளாறு வண்டியிலேயே தங்கிவிடுகிறது. நம் ஊரின் நல்ல மெக்கானிக்குகளும் சிந்திப்பதை மெல்ல மெல்லக் கைவிடுகிறார்கள்.

முதலில் இயக்கம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச், தட்டுகளை அடுக்கி வைத்த ஓர் அடுக்கு. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் இரும்பு பிளேட் ஒன்று என்று மாறி மாறி இருக்கும். ஒரு வகை பிளேட்டுகள் எஞ்சினோடு சுற்றும் வெளிக்கூட்டிலும், மறுவகை கியர் பெட்டிக்குள் போகும் தண்டின் ஹப்பிலும் கோத்திருக்கும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகும். கைப்பிடி லீவரை அழுத்தும்போது கேபிள் ஒரு சிறு கரத்தை இழுக்கிறது. கரம் ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி பிரஷர் பிளேட்டை ஸ்பிரிங்குகளுக்கு எதிராக நகர்த்துகிறது. தட்டுகளுக்கிடையே சிறிது இடைவெளி கிடைக்கிறது. கையில் நாம் அழுத்தும் தூரம் சில சென்டிமீட்டர். பிரஷர் பிளேட் நகரும் தூரமோ ஓரிரு மில்லிமீட்டர். அதையும் எல்லாத் தட்டுகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் ஏதாவது ஓரிடத்தில் சிறு தூரம் களவு போனாலும் கடைசித் தட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்போது என்ன நடக்கும்? சிக்னலில் நிற்கையில் நியூட்ரல் விழாது. முதல் கியரில் லீவரை அழுத்திப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். பிரேக்கை மிதித்தே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நின்ற நிலையில் முதல் கியர் போட்டால் டணார் என்று ஒரு சத்தத்தோடு வண்டி குதிக்கும், அல்லது எஞ்சின் அணைந்துபோகும். நாளடைவில் கியர்ப் பற்களின் பக்கவாட்டு முனைகள் மழுங்கி, ஓடும்போதே கியர் கழன்று வெளியே வரத் தொடங்கும். முன்னால் ஒரு பள்ளிக் குழந்தை சாலையைக் கடக்கும்போது, பிரேக்கிலிருந்து கால் நழுவினால் வண்டி தானாக ஓரடி நகரும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு இது வெறும் தொந்தரவு. எதிரில் நிற்கிறவருக்கு ஆபத்து.

இனி ஓர் உதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கப்பட்டபின் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வேர்விட்டது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-வாக்கில் மூடப்பட்ட பிறகும் இங்கே அது தொடர்ந்து உற்பத்தியானது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பழைய எஞ்சின் விடைபெற்றது. ஆகவே இன்று கைமாறும் வார்ப்பிரும்பு புல்லட் ஒவ்வொன்றும் பதினைந்து ஆண்டுகளாவது பழையது. பல, ஐம்பதைக் கடந்தவை. விலையோ குறையவில்லை. அந்த ‘டப் டப்’ சத்தத்துக்கு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வண்டியின் பழைய உரிமையாளர்களிடம் ஒரு சடங்கு உண்டு. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன், எஞ்சினை அணைத்த நிலையிலேயே, கிளட்ச் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மிதிப்பார்கள். இரவு முழுக்க எண்ணெய்ப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த தட்டுகளைப் பிரித்துவிடுவதற்கான ஏற்பாடு இது. பார்ப்பவருக்குப் பூஜை மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரு சோதனையும்கூட. புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பெட்டித் தண்டின் வழியாகக் கிளட்சைக் கடந்துதான் எஞ்சினை அடைகிறது. ஆகவே லீவரை அழுத்தியிருக்கையில் கிக்கர் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். எஞ்சினின் அழுத்தம் காலில் தட்டுப்பட்டால் தட்டுகள் பிரியவில்லை என்று பொருள். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. (எந்தக் கியரிலும் கிளட்சை அழுத்தி ஸ்டார்ட் செய்ய முடிகிற பிற்கால வண்டிகளுக்கு இது பொருந்தாது, அவற்றில் கிக்கரின் விசை கிளட்சைக் கடக்காமலேயே எஞ்சினுக்குப் போகிறது.)

அதே வண்டியில் இந்தக் கோளாறை மறைத்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. பழைய நான்கு கியர் பெட்டியில் நியூட்ரல் ஃபைண்டர் என்று தனியாக ஒரு மிதி இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரிலிருந்தும் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். வண்டி நிற்பதற்கு முன்பே அதை மிதித்துவிடப் பழகியவருக்குக் கிளட்ச் விடாத குறை ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகும். அவர் பொய் சொல்லி விற்கிறார் என்று சொல்ல முடியாது. தன் வண்டியின் நோயோடு சேர்ந்து வாழ அவர் கால் கற்றுக்கொண்டுவிட்டது. புதிதாக வாங்குகிறவரின் கால் அதைக் கற்றிருக்காது, அவ்வளவுதான்.

எல்லா விற்பனையாளரும் அப்படி அப்பாவிகள் அல்லர். நீங்கள் போகுமுன்னே வண்டி ஒரு சுற்று ஓடிச் சூடேறியிருக்கும். குளிர்ந்த எண்ணெயில் மட்டும் வெளிப்படும் ஒட்டல் அப்போது தெரியாது. ஆகையால் பழைய வண்டி பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எஞ்சின்மேல் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது. சூடாக இருந்தால், நாளைக் காலை வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது நல்லது.

பழைய வண்டியை நான் பல கை பட்ட ஓர் ஏட்டுச்சுவடி என்றே கருதுகிறேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் மூல பாடத்தை நிறுவ வேண்டியிருந்தது. படி எடுத்தவர்களின் பிழைகளும், பிழையைத் திருத்துவதாக எண்ணிச் செய்த திருத்தங்களும் சுவடிகளில் ஏறியிருக்கும். பழைய வண்டியிலும் அப்படியே. கிளட்ச் விடவில்லை என்று ஒருவர் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார். இறுக்கியதால் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்ந்திருக்கும். அடுத்தவர் வழுக்கலை மட்டும் பார்த்து, கடினமான ஸ்பிரிங்கும் மலிவான புது பிளேட்டும் போட்டிருப்பார். இப்போது லீவர் கல்லாக இருக்கும். பழைய ஒட்டல் திரும்ப வந்திருக்கும். மூன்றாமவராகிய நீங்கள் காண்பது மூலக் கோளாறை அல்ல, இரண்டு உரையாசிரியர்களின் விளக்கத்தை. லீவர் அருகிலுள்ள அட்ஜஸ்டர் கடைசி மரைவரை வெளியே திருகப்பட்டிருக்கிறதா, கிளட்ச் கவர் திருகுகளின் தலைகள் சிதைந்திருக்கின்றனவா, கவரின் விளிம்பில் பசை பிதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இவை இடைச்செருகலின் அடையாளங்கள்.

*

இனி நோயறிதல். நான் வலியுறுத்த விரும்பும் ஒழுங்கு ஒன்றே: வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கி. இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் நடைமுறையில் இதைப் பின்பற்றும் பட்டறைகள் குறைவு.

முதல் கேள்வி: கோளாறு கிளட்சில்தானா? எஞ்சினின் ஐட்லிங் அதிகமாக இருந்தாலே முதல் கியர் சத்தத்தோடு விழும், நியூட்ரல் அடம்பிடிக்கும். அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை முன்பின் லேசாக அசைத்தபடி நியூட்ரல் போட்டுப் பார்க்க வேண்டும். அணைந்த நிலையில் எளிதாக விழுந்து, ஓடும் நிலையில் மட்டும் விழாவிட்டால் சந்தேகம் கிளட்சின் மீது. இரண்டு நிலையிலும் விழாவிட்டால் கியர் மாற்றும் அமைப்பையும் பார்க்க வேண்டும். பழைய புல்லட்டின் கியர் பெட்டி இரண்டு கியர்களுக்கிடையே பொய் நியூட்ரல்களைக் காட்டுவதில் பேர்போனது. அதன் குற்றத்தைக் கிளட்சின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

இரண்டாவது, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யும் சோதனை. எஞ்சின் ஓட, லீவரை அழுத்தி, முதல் கியர் போட்டால் பின்சக்கரம் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். எண்ணெயில் நனைந்த தட்டுகளுக்கு அந்த அளவு இழுவை இயல்பு. அதைக் கண்டதும் கிளட்ச் போச்சு என்று தீர்ப்பெழுதுகிறவர்களும் உண்டு. பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். சக்கரம் சாதுவாக நின்று, எஞ்சின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கவலையில்லை. சக்கரத்தை நிறுத்தும்போது எஞ்சின் திணறினாலோ அணைந்தாலோ கிளட்ச் விடவில்லை என்பது உறுதி. கையையோ காலையோ சுழலும் சக்கரத்தருகே கொண்டுபோக வேண்டாம், பிரேக் இருக்கிறது. இதே சோதனையை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒருமுறையும், அரைமணி நேரம் ஓட்டிய பின் ஒருமுறையும் செய்ய வேண்டும். குளிரில் மட்டும் இழுத்துச் சூட்டில் சரியானால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம்: அளவுக்கு மிஞ்சிய கெட்டி, அல்லது அளவுக்கு மிஞ்சிய நிரப்பல். வார்ப்பிரும்பு புல்லட்டில் கிளட்ச் இருக்கும் இடப்புறப் பெட்டிக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனியே எண்ணெய் ஊற்ற வேண்டும். எதில் எது ஊற்றப்பட்டிருக்கிறது என்பது முன்னவருக்கே வெளிச்சம். சூட்டில் மட்டும் இழுத்தால் வளைந்த தட்டையோ, சூட்டில் கூடிவிடும் தளர்வையோ நினைக்க வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் என் பார்வையில் மிக அழகானது. லீவரைத் தொட்டவுடனே கேபிள் இழுபடாமல் சிறிது தளர்வு இருக்க வேண்டும். பல சாதாரண வண்டிகளின் கையேடு லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று அதைக் குறிப்பிடும். மெக்கானிக்குகள் இதைப் ‘பிளே’ என்பார்கள். சோதனைக்காக மட்டும் இந்தத் தளர்வை அட்ஜஸ்டரைத் திருகி அறவே நீக்கிவிட்டுப் பாருங்கள். இழுவை போய்விட்டால், தட்டுகள் நல்லவை. அவற்றைப் பிரிப்பதற்கு வேண்டிய தூரம்தான் வழியில் எங்கோ தொலைகிறது. இழுவை சிறிதும் மாறாவிட்டால், தூரம் போதுமான அளவு போகிறது. தட்டுகள்தாம் பிரிய மறுக்கின்றன. ஒரே திருகலில் நோயின் இருப்பிடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. பிறகு மறக்காமல் தளர்வைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அப்படியே ஓட்டினால் கிளட்ச் வழுக்கித் தட்டுகள் கருகும்.

தூரம் தொலைகிறது என்றால் லீவரிலிருந்து தொடங்கிக் கம்பிவரை ஒவ்வொரு கணுவாகப் போக வேண்டும். லீவரின் அச்சுத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கலாம். கேபிளின் உள்கம்பி ஓரிரு இழை அறுந்து நீண்டுகொண்டிருக்கலாம். வெளியுறை விட்டுக்கொடுத்துச் சுருங்கலாம். ஹேண்டில்பாரை உயரமாக மாற்றியபோது கேபிள் மடிந்து நெருக்கப்பட்டிருக்கலாம். ஹேண்டிலை இடமும் வலமுமாகத் திருப்பும்போது பிளே கூடிக் குறைந்தால் கேபிள் போகும் பாதையே தவறு. அதன்பின் கியர் பெட்டிப் பக்கத்துக் கரம், அதன் திருகும் லாக் நட்டும், கடைசியாகத் தண்டின் நடுவே ஓடும் தள்ளுகம்பி. அதன் முனை தேய்ந்து குட்டையாகியிருக்கலாம், அல்லது அடிபட்டுக் காளான் போல விரிந்திருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கக் கிளட்ச் கவரைத் திறக்கவே வேண்டாம்.

தட்டுகள் பிரிய மறுக்கின்றன என்று தெரிந்த பிறகே கவரைத் திறப்பது முறை. திறந்ததும் பிளேட்டுகளைக் கழற்றி வீசிவிடக் கூடாது. முதலில் ஒருவர் லீவரை அழுத்த, மற்றவர் பிரஷர் பிளேட் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் கோணலாக எழும்பினால் ஸ்பிரிங்குகள் சமமாக இல்லை. பழையதும் புதியதும் கலந்திருக்கலாம். அடுத்து, கழற்றிய இரும்பு பிளேட் ஒவ்வொன்றையும் தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த பிளேட் அங்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிறகு வெளிக்கூட்டின் பள்ளங்கள். பிளேட்டின் காதுகள் ஆண்டுக்கணக்கில் மோதி மோதி அந்தப் பள்ளங்களின் சுவரில் படிகள் வெட்டியிருக்கும். லீவரை அழுத்தும்போது தட்டுகள் வழுக்கி நகராமல் அந்தப் படிகளில் மாட்டிக்கொள்ளும். இங்கேதான் புது பிளேட் செட் தோற்றுப்போகிறது. கூட்டில் வெட்டு இருக்கும்வரை எத்தனை செட் மாற்றினாலும் கிளட்ச் விடாது. கூட்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து கூடே ஆடினாலும் அதே கதை.

*

நண்பர் ஒருவர் திருச்சியில் ஒரு பழைய புல்லட் வாங்கினார். மேற்சொன்ன குறைகள் எல்லாம் இருந்தன. முதல் பட்டறையில், “சார், பிளேட் போயிடுச்சு, செட்டா மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினார்கள். ஒரு வாரம் பரவாயில்லை என்று தோன்றியது, பிறகு பழையபடி. இரண்டாவது பட்டறையில் ஸ்பிரிங்கும் கேபிளும் மாறின. மூன்றாவது பட்டறையில் கிளட்சையே முழுதாக மாற்றச் சொன்னார்கள். நான்காவதாக, வயதான ஒரு மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். லீவரை இரண்டு முறை அழுத்தினார். “இந்த லீவர் எப்ப மாத்துனது தம்பி?” என்று கேட்டார். முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் போட்ட பளபளப்பான லீவர் அது. பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தது. ஆனால் அச்சுத் துளைக்கும் கேபிள் மாட்டும் துளைக்கும் இடையே இருந்த தூரம் குறைவு. பழைய லீவரில் அது ஏறக்குறைய 27 மில்லிமீட்டர், புதியதில் 22. லீவர் அதே கோணம் திரும்பினாலும் கேபிளை இழுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இழுக்கக் கொஞ்சம் இலேசாகவும் இருக்கும். ஆகவே மாற்றியவர் மகிழ்ந்திருப்பார். பழைய வகை லீவர் ஒன்றை மாட்டியதும் கிளட்ச் விட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதன்பின் நடந்தது. லீவருக்கான சொற்ப விலையைக் கொடுத்துவிட்டு நண்பர் கிளம்பினார். கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, பெரியவரும் சொல்லவில்லை. முதல் மூன்று பட்டறைகள் தவறான விடைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கின. சரியான விடை சொன்னவருக்குக் கிடைத்தது ஒரு தேநீர். நண்பரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மில் எவரும் அதைத்தான் செய்திருப்போம். “பார்த்துச் சொன்னதுக்குக் காசா?” என்பது நம் பொதுப்புத்தி. மருத்துவரிடம் போனால் மருந்துச்சீட்டு எழுதியதற்கு மறுபேச்சில்லாமல் பணம் தருகிறோம். மெக்கானிக்கிடம், கையில் பழைய பாகத்தைக் காட்டினால்தான் பணம் தருகிறோம். பாகத்தைக் காட்டினால்தான் கூலி என்று நாமே விதி செய்துவிட்டு, தேவையில்லாமல் பாகம் மாற்றுகிறான் என்று அவனைத் திட்டுவதில் நியாயம் எங்கே இருக்கிறது?

மெக்கானிக்கின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது; அதைப் புறக்கணிக்க முடியாது. கவரைத் திறந்து, எண்ணெயை இறக்கி, பேக்கிங் மாற்றி மூடுவதற்கே அரைநாள் கூலி ஆகும். திறந்தது திறந்தபடி பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டால் மறுபடி திறக்க வேண்டாம். அடுத்த மாதம் அதே வாடிக்கையாளர் வந்து, போன தடவையே ஏன் மாற்றவில்லை என்று சண்டை பிடிப்பார். இது உண்மை. ஆனால் இந்த வாதம் கவர் திறந்த பிறகுதான் செல்லும். திறக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. பத்து நிமிடச் சோதனைகளைத் தவிர்ப்பதற்கு அரைநாள் கூலியைக் காரணம் காட்டுவது தலைகீழ்க் கணக்கு.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெய்ண்டெனன்ஸ்’ நூலை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். அதில் ஒரு பட்டறை வருகிறது. வானொலி அலற, இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே எஞ்சினைப் பலமுறை பிரித்து மூடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கெடுக்கிறார்கள். கடைசியில் உண்மையான காரணம் எண்ணெய் போகும் வழியில் அறுந்த ஒரு சிறு பின் என்று தெரிகிறது. மலிவான பொருள். பிர்சிக் அந்த இளைஞர்களைத் தீயவர்களாகக் காட்டவில்லை. வேலையில் அவர்கள் மனம் இல்லை, பார்வையாளர்களைப் போல் நிற்கிறார்கள் என்பதே அவர் குற்றச்சாட்டு. ஆனால் அவர் அதிகம் கேட்காத ஒரு கேள்வி எனக்கு உண்டு. அக்கறையோடு பார்த்திருந்தால் அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுத்திருப்பார்கள்? அக்கறை ஒரு குணம் மட்டுமல்ல. அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு விலை உண்டு.

அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர் மேத்யூ கிராஃபோர்ட். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர். 2009-இல் வெளிவந்த ‘ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்’ நூலில், பழைய ஹோண்டா மேக்னா ஒன்றின் கிளட்சோடு தான் பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். காரணத்தைத் தேடும் ஆர்வம் ஒரு கட்டத்தில் வெறியாகி, வாடிக்கையாளரின் தேவையைத் தாண்டிப் போய்விடுகிறது. செலவிட்ட மணிநேரம் முழுவதற்கும் பணம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. நோயறிதலைப் போற்றும் என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கங்களை அவசியம் படிக்க வேண்டும். எல்லாக் கோளாறையும் அடிவரை தோண்டுவது அறமாகிவிடாது. வண்டியின் மதிப்பு, உரிமையாளரின் வருமானம், அவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பனவும் நோயறிதலில் அடங்கும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயை மட்டுமல்லாமல் நோயாளியின் அளவையும் காலத்தையும் கருதச் சொல்வதன் பொருள் இதுவே. பால்காரரின் பழைய வண்டிக்கு, வெளிக்கூட்டின் வெட்டு மேலோட்டமாக இருந்தால், அரத்தால் சீராகத் தேய்த்துக் கொடுப்பது நல்ல வைத்தியம். வெட்டு ஆழமானால் அதே வைத்தியம் ஏமாற்று. இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் நாம் கூலி கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இனி மின்சார வண்டிக் காலம் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லை. மின்சார வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்சே இல்லை. இது சரிதான். ஆனால் கியர் உள்ள வண்டிகள் இன்றும் தொழிற்சாலைகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. விற்றவை சாலையில் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். எரிபொருளை ஊசிபோல் பீய்ச்சும் புதிய எஞ்சின்களில் சென்சார்கள் இருக்கின்றன. கருவியைச் செருகினால் கோளாறின் எண் திரையில் தெரியும். கிளட்சின் இழுவைக்கு அப்படி ஓர் எண் வராது. லீவர் அருகே இருக்கும் சுவிட்ச், லீவர் அழுத்தப்பட்டதா என்பதை மட்டுமே அறியும். தட்டுகள் பிரிந்தனவா என்பதை அறியாது. திரையைப் பார்த்தே பழகிய தலைமுறை, திரையில் தோன்றாத கோளாறு வண்டியில் இல்லை என்று நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. கையால் உணர்ந்து, காரணத்தைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டு போகும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள வந்த பையன்கள், பாகம் மாற்றினால்தான் காசு என்று கண்டுகொண்டு அதையே கற்கிறார்கள்.

ஆகவே என் யோசனை எளிது. அடுத்த முறை மெக்கானிக் ஒருவர், “கிளட்ச் போயிடுச்சு” என்று சொன்னால், சண்டை போடாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: “எப்படித் தெரிஞ்சுது அண்ணே?” சோதித்துப் பார்த்தவர் விளக்குவார், அவர் முகத்திலேயே ஒரு மலர்ச்சி தெரியும். சோதிக்காதவர் தடுமாறுவார். விளக்கியவருக்கு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், வேலைக்குரிய கூலியைக் கொடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் இவ்வளவு, சரி செய்தால் அதற்கு மேல் இவ்வளவு என்று. சில கடைகளில் விநோதமாகப் பார்ப்பார்கள். ஏதேனும் ஒரு கடையில், பிளேட் செட்டை எடுக்க அலமாரிப் பக்கம் போன கை திரும்பி வந்து, முதலில் லீவரை அழுத்திப் பார்க்கும்.